கல்லில் வெட்டாத ஆண்டுகள்
திருநெல்வேலியில் ஒரு நாள் வரலாற்று உலா

பழைய நகரங்களைக் காணச் செல்வோர் கோயிலைக் காண்பர்; கோட்டையைக் காண்பர்; தேரின் உயரத்தைக் கண்டு வியப்பர். இதனைக் கட்டியவர் யார், எந்த மன்னர் காலத்தது என்று வினவுவர். விடை எளிதில் கிடைத்துவிடும். கட்டுவித்தோர் தம் பெயரையும் கொடையையும் ஆட்சியாண்டையும் கல்லிலே வெட்டி வைத்திருக்கின்றனர். ஆனால் நம் சமுதாயத்து இளைஞர் ஒருவர் அதே தெருவில் நின்று, "இத்தெருவில் என் பூட்டனார் நடக்க முடிந்ததா? முடியவில்லை எனின், எந்த ஆண்டு முதல் முடிந்தது? யார் முயற்சியால் முடிந்தது?" என்று வினவினால், விடை சொல்லும் கல் ஒன்றும் அங்கே இல்லை.

அவ்வினாவோடு திருநெல்வேலியை ஒரு நாள் சுற்றிப் பார்ப்போம் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். காலையில் நெல்லையப்பர் கோயிலில் தொடங்கி, தாமிரபரணியைக் கடந்து, பாளையங்கோட்டையைக் கண்டு, மாலையில் ஆதிச்சநல்லூரில் முடிப்போம். ஒரு பகற்பொழுதே போதும். பேருந்துக் கட்டணமும் கட்டுச்சோறும் தவிர வேறு செலவில்லை. இவ்வளவு எளிதாக நாம் செய்யும் இவ்வுலா, நம் முன்னோர்க்கு இயலாத ஒன்றாக இருந்தது என்பதை நினைவிற் கொண்டால், காணும் ஒவ்வொன்றும் வேறொரு பொருள் தரும்.

நெல்லும் வேலியும்

ஊரின் பெயரிலிருந்தே தொடங்குவோம். இறைவனுக்குத் திருவமுது படைப்பதற்காக உலர்த்தப்பட்ட நெல்லை மழைவெள்ளம் அடித்துச் செல்லாதவாறு இறைவனே வேலியிட்டுக் காத்தான். ஆதலின் நெல்வேலி என்னும் பெயர் வந்தது என்பது தலபுராணம் கூறும் செய்தி. புராணத்தை நம்புவோரும் நம்பாதோரும் ஒன்றை ஒப்புவர். இவ்வூரின் செல்வம் நெல். நெல்லைத் தந்தது ஆறு.

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. சங்கப் புலவர்கள் இதனைப் பொருநை என்றனர். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் இவ்வாற்றின் குறுக்கே உள்ளன. கடைசியாகக் கூறிய ஸ்ரீவைகுண்டம் அணை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. ஏனைய ஏழும் அவர்கள் வருகைக்கு முற்பட்டவை. சுத்தமல்லி அணையிலிருந்து பிரியும் திருநெல்வேலிக் கால்வாய் நகரை அடுத்த நயினார்குளத்தை நிரப்புகிறது. பழவூர் அணையிலிருந்து வரும் பாளையங்கால்வாய் பாளையங்கோட்டைப் பகுதி வயல்களை நனைக்கிறது.

அணையைக் கட்டுவித்தவர் பெயரை ஊரார் சொல்வர். அணைக்குக் கல் சுமந்தவர் யார்? கால்வாயில் ஆண்டுதோறும் தூர் வாரியவர் யார்? நள்ளிரவில் வெள்ளம் வரும்போது மடைக்கு ஓடியவர் யார்? இப்பள்ளத்தாக்கில் மடைக்குடும்பர் என்று ஒரு பொறுப்பாளர் இருந்தார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் பாய வேண்டும், எந்த மடையை எப்போது அடைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. நிலத்தின் மேடும் பள்ளமும், நீரின் வேகமும் அவர் கண்ணளவில் அடங்கும். பட்டம் பெறாத பொறியாளர் அவர். அவர் நம்மவர். நாற்றுப் பாவியவரும், நட்டவரும், களை பறித்தவரும், கதிர் அறுத்துக் களம் சேர்த்தவரும் நம்மவரே.

நெல்லுக்கு இட்ட வேலி நெல்லைக் காப்பதற்கு இட்டது. அந்நெல்லை விளைத்தவர்களைச் சுற்றியும் ஒரு வேலி இடப்பட்டது. அது அவர்களைக் காப்பதற்காக இடப்பட்டதன்று. அவர்களிடமிருந்து ஊரைப் பிரிப்பதற்காக இடப்பட்டது. அவ்வேலியின் பழமைக்குக் கல்லே சான்று. இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், வரி விதிக்கப்படாத நிலங்களைக் கணக்கிடும் இடத்தில், ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்களும் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சேரி தனியாக அளக்கப்பட்டிருக்கிறது. கல்வெட்டு நம்மைப் பற்றி ஒன்றுமே கூறவில்லை என்று சொல்ல இயலாது. ஆனால், நாம் குடியிருந்த நிலத்தின் வரிக்கணக்கைக் கூறியதோடு அது நின்றுவிட்டது.

கோயில் வாயிலில்

இனி நெல்லையப்பர் கோயிலுக்குள் செல்வோம். திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. நெல்லையப்பருக்கும் காந்திமதி அம்மைக்கும் தனித்தனியே அமைந்த இரு பெருங்கோயில்களை ஒரு நீண்ட மண்டபம் இணைக்கிறது. அதுவே சங்கிலி மண்டபம். 1647ஆம் ஆண்டில் வடமலையப்பப் பிள்ளையன் கட்டுவித்தது. தட்டினால் வெவ்வேறு ஒலி எழுப்பும் இசைத்தூண்களை மணிமண்டபத்தில் காணலாம். ஒரே பாறையில் ஒரு பெருந்தூணும் அதனைச் சூழ்ந்து பல சிறு தூண்களும் செதுக்கப்பட்டிருக்கும் திறனை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்றாகிய தாமிரசபை இங்கேதான் உள்ளது. பொற்றாமரைக் குளத்தின் படியில் அமர்ந்து இளைப்பாறலாம்.

இவற்றை நின்று நிதானமாகப் பாருங்கள். கலை எவர் பொருளால் எழுந்ததாயினும் காண்போர் அனைவர்க்கும் உரியது. ஆயினும், நம் பாட்டனார் காலத்தில் கோபுரத்தை எட்ட நின்று காண்பதே நமக்கு விதிக்கப்பட்ட வழிபாடாக இருந்தது. உள்ளே இசைபாடும் தூண்கள் உள்ளன என்பதைச் செவிவழியாகக் கேட்டிருப்பார்களேயன்றிச் செவியால் கேட்டதில்லை.

அந்நிலை தானாக மாறவில்லை. 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் தம் நாட்டுக் கோயில்களை அனைத்து இந்துக்களுக்கும் திறந்துவிடும் அறிவிப்பினை வெளியிட்டார். 1939 சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் சிலர் நுழைந்தனர். பின்னாளில் தமிழகத்தின் அமைச்சராகித் தூய வாழ்வால் பெயர்பெற்ற பி. கக்கன் அவர்களுள் ஒருவர். அவ்வாண்டிலேயே சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்திற்குத் துணைசெய்யும் சட்டம் பிறந்தது. ஆனால் அது கோயில் பொறுப்பாளர்கள் விரும்பினால் திறக்க இடமளித்த சட்டமே. 1947ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்துக்கள் அனைவர்க்கும் கோயில் நுழைவை உரிமையாக்கியது.

சங்கிலி மண்டபம் எழுந்த ஆண்டு 1647. அம்மண்டபத்தில் நாம் உரிமையோடு நடக்கச் சட்டம் எழுந்த ஆண்டு 1947. இடையே முழுமையாக முந்நூறு ஆண்டுகள். முதல் ஆண்டினைக் கோயிலுக்கு வழிகாட்டுவோர் தவறாமல் சொல்வர். இரண்டாம் ஆண்டினைச் சொல்வோர் அரியர். நாம் இரண்டையும் சேர்த்தே நினைவிற் கொள்ள வேண்டும்.

அதன்பின் நிகழ்ந்தவற்றையும் கருதுக. 1954இல் காமராசர் அமைச்சரவையில் அறநிலையத் துறை, தாழ்த்தப்பட்ட வகுப்பினரான பி. பரமேஸ்வரனிடம் ஒப்படைக்கப்பட்டது. எந்த வாயில்கள் நம்மைத் தடுத்தனவோ அவற்றை ஆளும் பொறுப்பு நம்மவர் ஒருவரிடம் வந்தது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்னும் கருத்து 1970இல் சட்டமாயிற்று. வழக்குகள் பலவற்றைக் கடந்து, 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதியினர் தமிழகக் கோயில்களில் பணியமர்த்தப்பட்டனர். கோபுர வாயிலிலிருந்து கருவறை வரையுள்ள தொலைவு சில நூறு அடிகளே. அதனைச் சட்டத்தின் துணையோடு கடப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

தேரோடும் வீதி

கோயிலுக்கு வெளியே நான்கு ரத வீதிகள். ஆனித் திருவிழாவில் ஓடும் நெல்லையப்பர் தேர் தமிழ்நாட்டின் பெருந்தேர்களுள் ஒன்று. மக்கள் வடம் பிடித்து இழுக்கும் தேர் அது. தேரை இழுக்க ஊர்தோறும் ஆள் அனுப்ப வேண்டும் என்னும் கட்டாயம் ஒருகாலத்தில் தமிழகத்தின் பெருந்தேர்கள் பலவற்றுக்கு இருந்தது. வடத்தைப் பற்றும் கைக்குத் தீட்டில்லை. கோயில் வாயிலை மிதிக்கும் காலுக்கு மட்டும் தீட்டு உண்டு என்பது அக்காலத்து நீதி.

இந்நகரின் வீதிகளைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 1858 டிசம்பரில், தாழ்ந்த சாதி எனப்பட்ட ஒன்றிலிருந்து கிறித்தவரான ஒருவருடைய சடலத்தைக் கோயிலை அடுத்த பொதுவீதி வழியே எடுத்துச் செல்வதா, கூடாதா என்று பெரும்பூசல் எழுந்தது. எதிர்ப்போர் திரண்டனர். பாளையங்கோட்டையிலிருந்து படை வந்தது, துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, பலர் உயிரிழந்தனர். ஒரு பிணம் வீதியைக் கடப்பதற்கு அத்தனை உயிர்கள் விலையாயின. அரசு போட்ட பாதை அனைவர்க்கும் உரியதா, அன்றிச் சிலர்க்கே உரியதா என்னும் கேள்வி அன்று அவ்வளவு கொடிய வடிவில் இங்கே எழுந்தது.

அதே வீதிகள் ஐம்பது ஆண்டுகள் கழித்து மற்றோர் எழுச்சியைக் கண்டன. வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் 1908 மார்ச் 12ஆம் நாள் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி மக்கள் கொதித்தெழுந்தனர். மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினர். அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். நாட்டின் விடுதலைக்காக மக்கள் வீதியில் இறங்கிய அந்நாளில், வீதியில் தடையின்றி நடக்கும் உரிமையே நாட்டில் ஒரு பெருங்கூட்டத்தார்க்கு உறுதியாகவில்லை என்பதையும் உடன் எண்ண வேண்டும்.

அவ்வுரிமை சென்னைச் சட்டமன்றத்தில் பேசப்பட்ட ஆண்டு 1924. இரட்டைமலை சீனிவாசன் அவையில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுச்சாலை, தெரு, பாதை எதிலும் எவ்வகுப்பினரும் நடக்கலாம். பொதுக்கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை அனைவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானத்தை ஏற்று, 1924 செப்டம்பர் 25ஆம் நாள் அரசாணை பிறந்தது. ஆர். வீரையன் போன்ற உறுப்பினரும் இதற்காக அவையில் வாதாடினர். ஆணை பிறந்ததும் தெருக்கள் திறந்துவிடவில்லை. ஆதலின் 1938இல் எம்.சி. ராஜா முயற்சியால் குடியுரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அப்பேரவையின் வரைவுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அண்ணல் அம்பேத்கர். 1955இல் தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டமும், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பிறந்தன.

கீழ ரத வீதியில் மாலைதோறும் அல்வாவுக்காக நீண்ட வரிசை நிற்கும். யார் முன்னால், யார் பின்னால் என்பதை வந்த நேரமே முடிவு செய்கிறது. நம் மாவட்டத்துச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வழங்கியதைக் கண்ட முதியோர்க்கு, அவ்வரிசை ஒரு சிறிய செய்தியன்று.

1843: ஒரு பாலமும் ஒரு சட்டமும்

நகரிலிருந்து கிழக்கே வந்தால், இரயில் பாதைக்கு மேலே 1973இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலம். அதைக் கடந்து சந்திப்புப் பகுதியைத் தாண்டினால் தாமிரபரணி. ஆற்றின் மேலே சுலோச்சன முதலியார் பாலம். ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு எழுப்பிய பாலம் அது; 1843இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே வெள்ளக் காலத்தில் படகே துணை. ஒரு தனிமனிதரின் கொடையால் இரு நகரங்கள் இணைந்தன. அவரை நன்றியோடு நினைப்பது நம் கடமை. பாலம் சாதி கேட்பதில்லை.

அதே 1843ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. அவ்வாண்டின் ஐந்தாம் எண் சட்டத்தால், அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்பது நிறுத்தப்பட்டது. இந்நாட்டில் அடிமை முறை இருந்ததா என வியப்போர் தாமிரபரணிக் கரையின் பழைய ஆவணங்களைக் கேட்டறியலாம். நன்செய் நிலத்தை விற்கும்போது அதில் உழும் பள்ளர், பறையர் குடும்பங்களையும் சேர்த்து விற்பதும், ஆளைத் தனியே ஓலை எழுதி விற்பதும் அடகு வைப்பதும் அக்காலத்து வழக்கம். 1819இல் வருவாய் வாரியம் மாவட்ட ஆட்சியர்களிடம் இதுபற்றி விவரம் கேட்டது. கேட்டபின் சட்டம் வர இருபத்து நான்கு ஆண்டுகள் சென்றன. ஒருவரை அடிமையாக வைத்திருப்பதே குற்றம் என்று ஆனது இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1862இல்தான்.

ஆகவே, அப்பாலத்தின் மேல் நிற்கும்போது இவ்விரண்டையும் நினையுங்கள். பாலம் எழுந்த ஆண்டே நம் முன்னோர் பலர் சட்டத்தின் கண்ணில் பொருள் என்னும் நிலையிலிருந்து மனிதர் என்னும் நிலைக்கு வரத் தொடங்கிய ஆண்டு. முன்னதைக் கொண்டாடும் ஊர் பின்னதை மறந்துவிட்டது.

கொக்கிரகுளத்தில் சற்று நில்லுங்கள்

பாலத்தைக் கடந்ததும் ஆற்றங்கரையில் கொக்கிரகுளம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த இடம். சுற்றுலாக் கையேடுகள் இவ்விடத்தைக் காட்டுவதில்லை. நாம் இங்கே சற்று நின்றே செல்ல வேண்டும்.

மேற்கு மலையில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு நிறுவனம் பெற்ற காட்டில் எழுந்தது அது. காட்டை அழித்துத் தேயிலை நட்டு, அட்டைக்கடியிலும் குளிரிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். கூலி உயர்வு கேட்டுப் போராடிய அத்தொழிலாளர்களுள் பலர் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களை விடுவிக்கவும் கோரிக்கைகளை ஏற்கவும் வேண்டி, 1999 சூலை 23ஆம் நாள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஒரு பேரணி வந்தது. காவல்துறையின் தடியடியில் சிதறிய மக்கள் ஆற்றுக்குள் இறங்கினர். பதினேழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அடங்குவர். நீதிபதி மோகன் ஆணையம் இதனை விசாரித்தது. ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் வந்து ஆற்றில் மலர் தூவுகின்றனர். 2024இல் நிறுவனம் தோட்டப் பணியை முடித்துக்கொள்ள, அக்குடும்பங்கள் தாம் பிறந்து வளர்ந்த மலையை விட்டு இறங்க வேண்டிய நிலை வந்தது.

இதே ஆற்றின் நீரை மடைமடையாகப் பகிர்ந்தளித்தவர்கள் நம் முன்னோர் என்று முன்னே கண்டோம். அந்நீரிலேயே நம்மவர் மாண்டனர் என்பதையும் கண்டோம். இரண்டும் தாமிரபரணியின் வரலாறே. ஒன்றை மட்டும் கூறுவது அரைவரலாறு.

பாளையங்கோட்டை: கோட்டையும் பள்ளியும்

பாளையங்கோட்டைக்குப் பெயர் தந்த கோட்டையில் இன்று எஞ்சியிருப்பவை சில வாயிற்பகுதிகளே. இக்கோட்டைச் சிறையில் அடைபட்டிருந்த ஊமைத்துரை, 1801 பிப்ரவரியில் தப்பிச் சென்று பாஞ்சாலங்குறிச்சியில் மீண்டும் போர்க்கொடி உயர்த்தினார். அவருடைய தமையனார் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவர். கட்டபொம்மன் படையில் தளபதியாக நின்று 1799ஆம் ஆண்டுப் போரில் உயிர் நீத்தவர் எனப் போற்றப்படும் கவர்னகிரி சுந்தரலிங்கம் நம் சமுதாயத்தவர்.

அவர் பெயருக்கு நேர்ந்ததை இங்கே கூற வேண்டும். 1997இல் தமிழக அரசு புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியது. அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று சிலர் கிளம்பினர். தென்மாவட்டங்களில் கலகம் மூண்டது. முடிவில் அரசு, போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்கள் பெயர் அனைத்தையும் அவ்வாண்டிலேயே நீக்கிவிட்டது. இந்த உலாவில் நாம் ஏறி இறங்கும் பேருந்துகளில் எந்தத் தலைவர் பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதன் காரணம் இதுவே. உயிர் தந்தவரின் பெயர் ஒரு பேருந்தின் பக்கவாட்டில் எழுதப்படுவதைக் கூடப் பொறுக்காத உள்ளம், இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இங்கே இருந்தது.

கோட்டைப் பகுதியிலேயே உள்ளது குளோரிந்தா ஆலயம். பிராமணக் கைம்பெண்ணாக இருந்து கிறித்தவம் தழுவிய குளோரிந்தா அம்மையார் 1785இல் கட்டியது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று மக்கள் வழங்குவர். 1780இல் அங்கிருந்த சிறு சபையில் நாற்பது பேரே இருந்தனர். அவர்கள் பல சாதியினர். 1820இல் இவ்வூருக்கு வந்த ரேனியஸ் ஐயர் பள்ளிகள் பலவற்றைத் திறந்தார். தம் மாணவர் விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உண்ண வேண்டும் என்று அவர் வற்புறுத்தியபோது எதிர்ப்பு எழுந்தது. நூறாண்டு கழித்து, 1920களில், இதே ஆற்றங்கரையில் சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்திலும் தனிப்பந்தி பெரும்பூசலாயிற்று. பாடம் ஒன்றாகப் படிக்கலாம், சோறு ஒன்றாக உண்ணலாகாது என்னும் பிடிவாதம் சமயம் மாறினும் மாறவில்லை. நாட்டுப்பற்று வளர்ந்தும் மாறவில்லை.

ஆயினும் பள்ளிகள் பெருகின. கல்லூரிகள் எழுந்தன. கண்ணிழந்தோர்க்கும் செவிகேளாதோர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே தனிப்பள்ளிகள் தோன்றின. பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்சுபோர்டு என்று புகழ்வர். நம் சமுதாயத்தில் முதன்முதல் எழுத்தறிந்த தலைமுறையினர் பலர் இத்தகைய பள்ளிகளின் திண்ணைகளிலிருந்து எழுந்தவர்களே. நம் கல்விக் கழகம் போன்ற அமைப்புகள் பிற்காலத்தில் தோன்றியதற்கும் அத்தலைமுறையே வித்து.

இங்கே கசப்பான செய்தி ஒன்றையும் மறைக்கலாகாது. 2023 ஆகஸ்டில் இம்மாவட்டத்தின் நாங்குநேரியில், நன்றாகப் படித்துவந்த ஒடுக்கப்பட்ட சமுதாய மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும், உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அரசு நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அமைத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது 2024 சூனில் அவர் அளித்த பரிந்துரைகளுள் ஒன்று. ஊரைச் சுற்றி இட்ட வேலி இன்று மணிக்கட்டில் கட்டும் கயிறாகச் சுருங்கியிருக்கிறது. சுருங்கியதால் அற்றுப்போயிற்று என்று எண்ணிவிடலாகாது.

கிருஷ்ணாபுரமும் ஆதிச்சநல்லூரும்

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் சென்றால் கிருஷ்ணாபுரம். நாயக்கர் காலத்து வெங்கடாசலபதி கோயிலின் சிற்பங்கள் உலகப் புகழ் பெற்றவை. வீரபத்திரரும், கர்ணனும், அருச்சுனனும் நரம்பு தெரிய நிற்கின்றனர். அவர்களோடு அரசகுமாரியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவனும், குறத்தியும் சம உயரத்தில் நிற்கின்றனர். சிற்பியின் உளி குறவனுக்கும் அருச்சுனனுக்கும் வேற்றுமை காட்டவில்லை. கல்லில் நிற்க இடம்பெற்ற எளிய மக்களுக்கு வாயிலைக் கடக்க இடமில்லாமற் போனது கல்லின் குற்றமன்று.

அங்கிருந்து மேலும் கிழக்கே, ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர்ப் பரப்புள்ள முதுமக்கள் தாழிக்காடு. 1876இல் செர்மானியரான யாகோர் இங்கே தோண்டினார். அவர் எடுத்தவை பெர்லின் நகருக்குச் சென்றன. பின்னர் அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899 முதல் சில ஆண்டுகள் அகழ்ந்தார். இரும்புக் கருவிகளும், வெண்கலப் பொருள்களும், பொன் நெற்றிப்பட்டங்களும், மண்கலங்களில் நெல் உமியும் கிடைத்தன. அவை சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. 2004இல் தொல்லியல் துறை மீண்டும் அகழாய்வு தொடங்கியது. 2023 ஆகஸ்டில் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியாகக் காணும் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அருகிலுள்ள சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல் உமி, கி.மு. 1155ஆம் ஆண்டளவினது என்னும் ஆய்வு முடிவை அரசு 2021இல் வெளியிட்டது.

தாழிகளைக் கண்டதும் இவர்கள் எங்கள் முன்னோர் என்று உரிமை பாராட்ட ஒவ்வொரு சாதியும் ஆசைப்படும். நாம் அதைச் செய்ய வேண்டாம். தாழியின்மேல் சாதிப் பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. அக்காலத்தில் எல்லாரும் சமமாக வாழ்ந்தனர் என்றும் முடிவு கட்ட வேண்டாம். சிலர்க்கே பொற்பட்டம் கிடைத்திருக்கிறது. உறுதியாகக் கூறத்தக்கது ஒன்று. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வாற்றங்கரையில் நெல் விளைந்திருக்கிறது. விளைத்த கைகள் இருந்திருக்கின்றன. கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் முற்பட்டது அவ்வுழைப்பு.

வேறொரு பாடமும் இங்கே உண்டு. ஆதிச்சநல்லூரின் பெருமையைப் பறைசாற்ற அரசன் வெட்டிய கல்வெட்டு ஒன்றும் இல்லை. பொறுமையோடு தோண்டியவர்களும், கிடைத்ததைக் குறித்து வைத்தவர்களும் இருந்தமையால்தான் உலகம் அறிந்தது. யாரும் தோண்டாமல் விட்டிருந்தால் அது வெறும் பரம்பு.

நாம் எழுத வேண்டிய வரலாறு

இளைஞர்களே! இந்த உலாவில் நாம் இருவகை ஆண்டுகளைக் கண்டோம். 1647, 1785 போன்றவை கட்டடங்களின் ஆண்டுகள். அவற்றைக் காப்பதற்குத் துறைகள் உள்ளன. 1858, 1924, 1947, 1999 போன்றவை மனிதர்களின் ஆண்டுகள். அவை ஏட்டிலாவது உள்ளன. மூன்றாவதாக ஒருவகை ஆண்டுகள் உண்டு. அவை எந்த ஏட்டிலும் இல்லை. உங்கள் ஊரில் நம்மவர் முதன்முதலாகச் செருப்பணிந்து பெரிய தெருவில் நடந்த ஆண்டு எது? ஊர்ப்பொதுக் கிணற்றில் முதல் குடத்தை இறக்கிய பெண் யார்? தேநீர்க் கடையில் தனிக் குவளை எந்த ஆண்டு நீங்கியது? நம் தெருவிலிருந்து முதன்முதல் பள்ளியிறுதித் தேர்வில் வென்றவர் யார்? அதற்காக அடிபட்டவர் யார்? ஊரை விட்டு விலக்கப்பட்டவர் யார்?

சட்டம் சென்னையிலும் தில்லியிலும் பிறந்தது. ஆனால் ஒவ்வொரு தெருவும் தனித்தனியே திறக்கப்பட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் திறக்க யாரோ ஒருவர் முதலடி எடுத்து வைத்தார். அவர் பெயரைக் கல்லில் வெட்டுவார் இல்லை. நம் வீட்டு முதியோர் நெஞ்சத்திலேதான் அது இருக்கிறது. அவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே, நெல்லையைச் சுற்றிப் பார்த்துத் திரும்பும் ஒவ்வோர் இளைஞரும் ஒரு குறிப்பேட்டோடு தம் ஊர் முதியோரிடம் செல்ல வேண்டும். பாட்டியாரிடம் கேளுங்கள், மடை காத்த பெரியவரிடம் கேளுங்கள். ஆண்டு நினைவில்லை என்பார்கள். எந்தப் புயலுக்கு முன், எந்தத் தேர்தலுக்குப் பின், யார் திருமணத்தின்போது என்று கேட்டால் நினைவு வரும். இருவர் சொல்வது ஒத்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒவ்வாதவற்றையும் ஒவ்வாதபடியே எழுதுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், உள்ளதே போதும். நிலப்பத்திரம், பள்ளிச் சேர்க்கைச் சான்று, பழைய மனு நகல் எதுவாயினும் கிழியாமல் காத்து வையுங்கள்.

கல்விக் கழகம் எழுத்தறிவைத் தந்தது. அவ்வெழுத்தால் நாம் முதலில் எழுத வேண்டியது நம் தெரு திறந்த வரலாற்றையே. அடுத்த விழா மலர் வெளிவரும்போது, ஊருக்கு ஒரு பக்கமாவது அப்பெயர்களும் ஆண்டுகளும் அதில் அச்சேறட்டும்.